பதினோராவது தாள்

அத்தியாயம் 19

இருபத்தெட்டு நாள் கெடுவில் இருபத்தேழு நாளை ரசமட்டம் கோபப்பட்டே தீர்த்துவிட்டார்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ரசமட்டம் என்பவர் கட்டட காண்ட்ராக்டர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு சாண் நீளத்துக்கு மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டை கட்டாயம் இருக்கும். விருந்துக்குப் போன வீட்டில்கூடச் சாப்பாட்டு மேஜையில் அதை வைத்துப் பார்த்து, "ஒரு நூல் சரிவு" என்று சொல்லிச் சாப்பிட உட்காருவார். கொத்தனார்கள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அவர் ஒரு பல் டாக்டருக்கு மூன்று மாடியில் ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தார். திறப்பு விழாவும் முடிந்தது. கடைசி பில்லை நீட்டியபோதுதான் டாக்டர் கடிதம் அனுப்பினார். கூடுதலாகச் செய்ததாகச் சொல்லும் பதினோரு வேலைகளில் எதையும் தான் கேட்கவில்லையாம். பின்பக்கப் படிக்கட்டை வேண்டாமென்றே சொன்னாராம்.

ஒப்பந்தப்படி, அந்தக் கடிதம் வந்த இருபத்தெட்டு நாளுக்குள் ஆதாரங்களோடு எதிர்க் கோரிக்கை போய்ச் சேரவேண்டும். தவறினால் கேட்கும் உரிமையே போய்விடும். இன்று கடைசி நாள். மாலை ஆறு மணி கடைசி நேரம். வேலையை முடிக்கப் பணம் போதாமல் அடகு வைத்த வீட்டுப் பத்திரம் பேங்க்கில் கிடக்கிறது.

மதியம் இரண்டு மணிக்கு மூன்று பேரும் வக்கீலம்மாவின் அறையில் இருந்தார்கள். ரசமட்டம், அவர் மனைவி, பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் மகள். மகள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். லீவுக் கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதும்போதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இதில் சொந்தம் எது, காரணம் எது என்று அவளுக்கே புரியவில்லை.

வக்கீலம்மா கட்டட வழக்குகளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். சட்டம் படிப்பதற்கு முன்னால் ஐந்து வருஷம் சைட் என்ஜினீயராக வெயிலில் நின்றவர். அவர் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தது, சோதனைக்காக வார்த்த ஒரு காங்கிரீட் கட்டி. ரசமட்டம் உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் தட்டிப் பார்த்தார்.

"பதினாலாவது பிரிவைப் படிச்சீங்களா சார்?"

"கையெழுத்துப் போட்டேனே மேடம்."

"நான் கேட்டது, படிச்சீங்களான்னு."

ரசமட்டம் மின்விசிறியைப் பார்த்தார்.

"எந்த மாற்றமா இருந்தாலும் கட்டட உரிமையாளர் எழுத்துல கொடுக்கணும்னு போட்டிருக்கு. அவர் கொடுத்தாரா?"

"அவரா? மருந்துச் சீட்டுலயே ரெண்டு கோடு கிழிச்சுட்டு விட்டுடுவாரு. எல்லாம் போன்லதான். அதுவும் எங்க வீட்டுக்கு."

"ஏன் வீட்டுக்கு?"

"சாரத்துமேல நின்னுக்கிட்டு எவன் போன் பேசறது? நான் எடுக்க மாட்டேன். வீட்டு நம்பர்லேருந்து வந்தா மட்டும் எடுப்பேன்."

அவர் மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். டாக்டருக்கு இந்த ஏற்பாடு ரொம்ப வசதியாகப் போயிற்று. காலை எட்டரைக்கு, முதல் நோயாளி வாயைத் திறப்பதற்குள், வீட்டுக்கு போன் செய்து மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடுவார். இவள் அதைச் சுவர்க் காலண்டரில் கிழித்த தாளின் முதுகில் எழுதிச் சாப்பாட்டுப் பையில் வைப்பாள். பத்து மணிக்கு லோடு வண்டி டிரைவர் பையைச் சைட்டுக்குக் கொண்டுபோவார். வேலை முடிந்ததும் ரசமட்டம் தாளில் பென்சிலால் ஒரு டிக் அடித்து, காலிப் பாத்திரத்தோடு திருப்பி அனுப்புவார். மூன்று மாடிக் கட்டடம் இப்படித்தான் ஒரு சாப்பாட்டுப் பையின் வழியாக எழுந்தது. இதை எந்த என்ஜினீயரிங் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.

"எழுத்து இல்லாதது கஷ்டம்தான். ஆனா கை விரிக்க வேண்டியதில்ல" என்றார் வக்கீலம்மா. "இந்தப் பதினொண்ணுக்கு முன்னாடி ரெண்டு மாற்றம் செஞ்சிருக்கீங்க. தண்ணித் தொட்டியும் வாசல் சாய்வும். அதுக்கும் அவர் எழுதிக் கொடுக்கலை. ஆனா பணம் கொடுத்துட்டார். அப்ப வேண்டாத எழுத்து இப்ப மட்டும் எதுக்குன்னு கேப்போம்."

"அப்படிக் கேளுங்க!" ரசமட்டம் மேஜையைத் தட்டினார்.

"நான் கேக்கறது இருக்கட்டும். அவர் சொன்னாருங்கறதை நாம காட்டணும்ல? டீச்சர், உங்க பட்டியல் எங்கே?"

மகள் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தாள். ஒன்று, போன் கம்பெனியில் கேட்டு வாங்கியது; டாக்டர் எண்ணிலிருந்து வீட்டுக்கு எந்தெந்த நாளில் அழைப்பு வந்தது என்ற விவரம். இன்னொன்று, அம்மாவின் பதினோரு தாள்களில் இருந்த தேதிகள்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் முதல் அவளுக்கு மண்டை காய்ந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே அறைச் சுவரைக் கனமாகக் கட்டச் சொன்ன தாளில் எட்டாம் தேதி. போன் வந்தது ஒன்பதாம் தேதி. ஜன்னலை ஓரடி உயர்த்தச் சொன்ன தாளில் பதினேழு. போன் பதினெட்டு. பெரும்பாலும் இப்படியே. மூன்று தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் தகுதியே தனக்கு இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

ரசமட்டம் எட்டிப் பார்த்தார். "டாக்டர் போன் பண்றதுக்கு முந்தின நாளே உங்கம்மா எழுதிட்டாளா? ஜோசியமா பார்க்கறா?"

"சும்மா இருங்கப்பா."

"இல்லம்மா, எனக்கு நெசமாவே புரியலை."

வக்கீலம்மா தாள்களை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய்க் கறை, மடிப்பு, பென்சில் டிக். "அம்மா, இதை எப்படி எழுதுவீங்க? நடந்தது நடந்தபடி சொல்லுங்க."

ரசமட்டத்தின் மனைவி நிமிர்ந்தாள். இதுவரை அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"காலையில எழுந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிச்சு ஆணியில குத்தி வைப்பேங்க. டாக்டர் போன் பண்ணா அதுலதான் எழுதுவேன்."

"அன்னிக்கு உள்ள தாள்ல எழுத மாட்டீங்களா?"

"அது சுவர்லல்ல இருக்கும்? அதை எப்படிக் கிழிக்கறது? நாள் இன்னும் முடியலையே."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரு ராத்திரித் தூக்கம் போன புதிர், அம்மாவின் வாயில் அரை நிமிஷத்தில் அவிழ்ந்துவிட்டது.

வக்கீலம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "பிரமாதம். பொய்யா ஜோடிக்கறவங்க தேதியைச் சரியாப் போட்டிருப்பாங்க. ஒரு நாள் பிசகா இருக்கறதாலதான் இது நிஜம். இதை யாராலயும் கற்பனை பண்ண முடியாது. அப்படியே எழுதிடலாம்."

"பார்த்தியா!" ரசமட்டம் மனைவியின் பக்கம் திரும்பினார். "என் வீட்டுக்காரி எழுதினா அதுல ஒரு புள்ளி தப்பா இருக்காது மேடம்."

அவள் சிரிக்கவில்லை.

மகள் பட்டியலில் ஒரு நாளைக் கூட்டித் தேதிகளைத் திருத்திக்கொண்டே வந்தாள். பத்தும் பொருந்தின. பதினோராவதில் பேனா நின்றது.

பின்பக்கப் படிக்கட்டு. போன் வந்தது இருபத்திரண்டாம் தேதி. தாளிலும் இருபத்திரண்டு.

கூட்டினால் தப்பாகிறது. கூட்டாவிட்டால் சரியாக இருக்கிறது. அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். 'பின்பக்கப் படிக்கட்டு வேலையை ஆரம்பிக்கச் சொன்னார்' என்று அம்மாவின் குண்டு எழுத்து. கறை இல்லை. மடிப்பு இல்லை. பென்சில் டிக்கும் இல்லை.

கேட்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் படிக்கட்டுதான்.

தலை நிமிர்ந்தபோது வக்கீலம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவகாசமாகக் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கித் தனியாக வைத்து, அதன்மேல் காங்கிரீட் கட்டியைத் தூக்கி வைத்தார்.

"அம்மா, இந்தத் தாளெல்லாம் நீங்க எழுதினது, போன் வந்த அன்னிக்கே எழுதினதுன்னு ஒரு உறுதிமொழி கொடுக்கணும். டைப் பண்ண அரை மணி ஆகும். நீங்களும் டீச்சரும் வராந்தாவுல காத்து வாங்கிட்டு வாங்க. சார் இருக்கட்டும், அளவெல்லாம் கேக்கணும்."

வராந்தாவில் காற்றே இல்லை. எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையின் பலகையில் இரண்டு பெரிய கண்கள் இவர்களையே முறைத்தன.

"அம்மா, படிக்கட்டுத் தாளை எப்ப எழுதினே?"

"எல்லாத்தையும் எழுதினப்பதான்."

"அம்மா."

"என்னடி?"

"நாள் முடியாத தாளைக் கிழிக்க மாட்டேன்னு இப்பதானே சொன்னே?"

அம்மா கண்ணாடிக் கடையைப் பார்த்தாள்.

"போன செவ்வாக்கிழமை" என்றாள். "பழைய தாளெல்லாம் கட்டி வெச்சிருப்பேன்ல, அதுல தேடி எடுத்தேன். கரெக்டா அந்தத் தேதியே கிடைச்சுது. சந்தோஷப்பட்டேன்."

"ஐயோ, ஏம்மா இப்படி?"

"அதுக்கு மேல கேக்காதே."

மகள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் அப்பா கேட்கும் தொகையில் மூன்றில் ஒன்று போகும். சொல்லாவிட்டால் அம்மா பொய்க்குக் கையெழுத்துப் போடுவாள். அது பின்னால் தெரிந்தால் நிஜமான பத்துத் தாளையும் யார் நம்பப்போகிறார்கள்? ஆனால் அன்றைக்கு டாக்டர் போன் செய்தது உண்மை; பட்டியலில் இருக்கிறதே. அப்புறம் ஏன் அம்மா அன்றைக்கே எழுதவில்லை? எந்தப் பக்கம் யோசித்தாலும் பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே அப்பாவின் குரல் மட்டும் உற்சாகமாகக் கேட்டது. பதினெட்டுப் படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், நூல் பிசகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

உறுதிமொழி ஒரே பக்கம்தான். வக்கீலம்மா அதைத் தள்ளி வைத்தார். "முழுசாப் படிங்க. ஒரு வரி தப்பா இருந்தாலும் கையெழுத்துப் போடாதீங்க. டைப் பண்ணது வீணாப் போச்சேன்னு நினைக்காதீங்க."

அவள் விரலை வைத்துப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"பத்துன்னு மாத்துங்க" என்றாள் அம்மா.

ரசமட்டம் சிரித்தார். "பதினொண்ணு இருக்கேம்மா. சரியா எண்ணு."

"பத்துதாங்க. படிக்கட்டுத் தாள் நான் போன வாரம் எழுதினது." பிறகு யாரையும் பார்க்காமல் கடகடவென்று சொல்லிவிட்டாள். "நீங்க சொன்னபடி டாக்டர் சைட்டுக்கு வந்தப்ப படிக்கட்டு கேட்டாரு, அது நெசம். நீங்க காங்கிரீட் ஊத்தறதுக்குப் பலகை அடிச்சு கம்பி கட்டினீங்க. இருபத்திரண்டாம் தேதி பதினோரு மணிக்கு வீட்டுக்கு போன் பண்ணாரு. படிக்கட்டு வேண்டாம், வண்டி நிறுத்த இடம் போயிடும், நிறுத்தச் சொல்லுங்கன்னாரு. சாப்பாட்டுப் பை போயாச்சு. அதனால உங்களுக்கு போன் பண்ணிச் சொன்னேன். பின்னால ஒரே மெஷின் சத்தம். நீங்க சரி சரின்னு வெச்சுட்டீங்க. சாயங்காலம் வந்து படிக்கட்டு போட்டாச்சுன்னு சொன்னப்பதான், நான் சொன்னது உங்க காதுல விழலைன்னு தெரிஞ்சுது. அப்பவே வாயைத் திறந்திருக்கணும். பயந்துட்டேன். டாக்டர் ஒண்ணும் சொல்லாம விட்டுடுவாருன்னு நினைச்சேன். எட்டு மாசமா நெஞ்சுல கல்லு."

ரசமட்டம் பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

வக்கீலம்மா கட்டியை நகர்த்தி அந்தத் தாளை எடுத்து, அம்மாவின் கையில் கொடுத்தார். "இது என் ஃபைலுக்குள்ள வரலை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." குரலில் கோபம் இல்லை. "இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க சொன்னது நமக்குக் கெடுதல் இல்ல. நல்லது."

"நல்லதா?" மகள் கேட்டாள்.

"படிக்கட்டைக் கேட்டது அவர். வேண்டாம்னதை சார்கிட்டச் சொல்லலை, எழுதியும் கொடுக்கலை. வீட்டுல இருக்கறவங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிட்டார். அது சார் காதுக்கு வந்தே சேரலை. வந்து சேராத தடையை யாரும் மீற முடியாதே. தெரியாம, நல்லெண்ணத்துல கட்டினதுக்குக் கூலி கேக்கலாம். உண்மையைச் சொல்லியே கேக்கலாம்."

அவர் ஏற்கனவே கணினியில் தட்டத் தொடங்கியிருந்தார். பாதியில் தலையைத் தூக்கினார்.

"சார், உங்களுக்குக் கேக்கலை. அப்படித்தானே?"

ரசமட்டம் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "எப்படிங்க கேக்கும், அந்தச் சத்தத்துல? கேட்டிருந்தா அவர் போட்டிருப்பாரா? ஒரு நூல் சரிவுக்கே சுவரை இடிச்சுக் கட்டறவரு."

ரசமட்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி துடைத்தார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

ஐந்து நாற்பத்தொன்றுக்கு எதிர்க் கோரிக்கை மின்னஞ்சலில் போயிற்று. டாக்டரின் அலுவலகத்தில் கிடைத்ததற்கான பதிலும் உடனே வந்தது. இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு குமாஸ்தா சைக்கிளில் பறந்தார். "ஆறு மணிக்குள்ள ஏதாவது விட்டுப்போச்சுன்னு தோணினா போன் பண்ணுங்க, திருத்தி அனுப்பலாம். ஆறுக்கு மேல இதுதான் உங்க வாக்கு" என்று சொல்லி வக்கீலம்மா கதவு வரை வந்து வழியனுப்பினார்.

அம்மா முன்னால் இறங்கினாள். எட்டு மாதமாக மூட்டு வலி என்று கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குபவள், இன்று மடமடவென்று போனாள். "நான் போய் வண்டி பிடிக்கறேன். நீங்க மெதுவா வாங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்த தெம்பை மகள் ரொம்ப நாள் கழித்துக் கேட்டாள்.

முதல் மாடித் திருப்பத்தில் ரசமட்டம் நின்றுவிட்டார்.

"என்னப்பா, மூச்சு வாங்குதா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"அன்னிக்கு லாரி வந்து நின்னுட்டுதும்மா" என்றார். "ஒரு லாரி நிறைய காங்கிரீட். எட்டுப் பேர் மம்பட்டியைப் பிடிச்சுக்கிட்டு என் வாயையே பார்த்துட்டு நிக்கறாங்க. திருப்பி அனுப்பினா மொத்தமும் குப்பை. அந்த டாக்டர் இன்னிக்கு வேண்டாம்பாரு, நாளைக்கு வேணும்பாரு, எத்தனை தடவை பார்த்திருக்கேன்."

"நீங்க என்ன சொல்றீங்க? எனக்குப் புரியலை."

"அந்தத் தாளை முதல்ல பார்த்தப்பவே பொய்னு எனக்குத் தெரியும். எனக்காகத்தான் எழுதியிருக்கான்னு நினைச்சேன். தெரிஞ்சுக்கிட்டே என்னைக் காப்பாத்தறான்னு நினைச்சேன். இப்பப் பார்த்தா..." படிக்கட்டின் கீழே எட்டிப் பார்த்தார். "எட்டு மாசமா தன் மேலதான் தப்புன்னு நினைச்சுட்டு இருந்திருக்கா. எனக்குத் தெரியாதும்மா."

"அப்பா, அம்மா போன்ல சொன்னது..."

"கேட்டுச்சும்மா. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு."

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து ஐம்பத்திரண்டு. மேலே வக்கீலம்மாவின் அறையில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கீழே வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். "என்னங்க, வண்டி கிடைச்சிடுச்சு! சீக்கிரம் வாங்க" என்று அம்மா கூப்பிட்டாள்.